“யாருக்கும் சொல்லிடாதீங்க டீச்சர்”

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன் மேடம். போன ஜூனில் எங்கள் தலைமையாசிரியர், “பசங்க உங்ககிட்டதான் நல்லாப் பேசறாங்க” என்று சொல்லி, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார். இரண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான். அதிலிருந்து யார் சண்டை போட்டாலும், லேட்டாக வந்தாலும், வகுப்பில் தூங்கினாலும் என்னிடம் அனுப்பி, “நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க” என்கிறார். நானும் சொல்கிறேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு “சரிங்க டீச்சர்” என்கிறார்கள். மறுநாள் பழைய கதைதான். எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று சாயங்காலம் சார் கேட்கிறார். ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து அழுதாள். வயது 16. தையில் நிச்சயமாம், வைகாசியில் கல்யாணமாம். மாப்பிள்ளை தாய்மாமன். “யாருக்கும் சொல்லிடாதீங்க டீச்சர், சத்தியம் பண்ணுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கணக்கைத் தப்பாகப் போட்டதற்குக் காலையில் திட்டுகிறவளே மதியம் ஆலோசகராக எப்படி இருக்க முடியும்? நான் செய்ய வேண்டிய வேலைதான் என்ன?

பதில்: அன்புள்ள டீச்சர், அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு, கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். பிரசுரமாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றித்தான் இங்கே கொடுத்திருக்கிறோம். ஆனாலும் உங்களைப் போலவே ஒரு சத்தியத்தைச் சுமந்துகொண்டு தூங்காமல் இருக்கும் ஆசிரியர்கள் டெல்டாவில் இன்னும் பல பேர் இருப்பார்கள். அதனால் உங்களுக்கு எழுதியதை அவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்ற முடியாது. அவளுக்குத் தெரியாமல் உடைக்கவும் கூடாது. முதலில் அவளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இப்படிச் சொல்லலாம்: “அன்னைக்கு நீ அழுததைப் பார்த்து சத்தியம் பண்ணிட்டேன். அது என் தப்பு. பதினெட்டு ஆகாம உனக்குக் கல்யாணம்னா நான் அதை மறைச்சு வைக்க முடியாது. யார்கிட்ட சொல்லப் போறேன், எப்போ சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்.” அவள் அழுவாள். கோபப்படுவாள். “உங்களை நம்பினேன் பாருங்க” என்பாள். அந்தப் பத்து நிமிஷம் எழுந்து போகாமல் அவள் பக்கத்தில் இருங்கள். கல்யாணம் வேண்டாம் என்று நினைக்காத பெண் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழ மாட்டாள். அவளுடைய பயமெல்லாம், சொன்னது தான்தான் என்று வீட்டில் தெரிந்துவிடுமோ என்பதுதான். தகவல் எங்கிருந்து போனது என்பது வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி அதிகாரிகளிடம் கேட்பேன் என்று அவளுக்கு உறுதி கொடுங்கள்.

அதன் பிறகு குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி, நம் மாநிலத்தில் இதற்குப் பொறுப்பான தடுப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலர்தான். நேராக அவரிடமும் சொல்லலாம். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போட முடியும். அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டமும், பதினெட்டுக்கு முன் கல்யாணம் செய்து வைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே சொல்கிறது. நிச்சயத்துக்கே இன்னும் நாள் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, சொந்தமெல்லாம் கூடிய பிறகு ஜீப்பில் ஆள் வந்து நிறுத்தும் கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் வீட்டில் படும் பாடு சொல்லி மாளாது. இப்போதே போனால் பேச்சோடு முடிய வழி இருக்கிறது.

வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்த அம்மா யாராவது இருந்தால், அதிகாரிகளிடம் சொன்ன பிறகு, அவர்களோடு போங்கள். என்ன அவசரம் என்று கேளுங்கள். கடன், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, அப்பா சிங்கப்பூரில், “வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கிறது” என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்தக் காரணத்தை மதித்துக் கேட்டால்தான் அடுத்த பேச்சுக்கு வழி. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் மூவலூர் தெரியும் இல்லையா? தேவதாசி முறையை எதிர்த்து நின்ற இராமாமிர்தம் அம்மையாரின் ஊர். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுக்கும் திட்டம் ஒன்று அவர் பெயரில் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டம்தான் படிப்புக்கு மாறியது. 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் என்ற பெயரில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே ஏறுகிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்கு மாற்றியதைப் பெற்றவர்களிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொன்ன பல வீடுகளில் அம்மாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தடவை இப்படிச் சத்தியத்தில் மாட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்தப் பிள்ளை உட்கார்ந்தாலும் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றது என்னோட இருக்கும். உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னை யாராவது கொடுமைப்படுத்தினா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, அப்ப மட்டும் நான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். கூப்பிடறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடுவேன்.” இதைக் கேட்டால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் பேசுகிறார்கள். எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அவர்களுக்குப் பயம் குறைகிறது. பாலியல் துன்புறுத்தல் என்றால் உங்களுக்கு யோசிக்கவே இடம் இல்லை. போக்சோ சட்டம் 2012-இன்படி, தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பள்ளியின் பெயர், ஆசிரியரின் பெயர், ஊர்ப் பெரிய மனிதரின் பெயர் எதுவும் அதற்கு முன்னால் நிற்காது.

சரி, அந்த நாலு நல்ல வார்த்தைக்கு வருவோம்.

ஆலோசனை என்றால் புத்திமதி என்று நாம் பழகிவிட்டோம். நம் ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள். திண்ணையில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் “என்ன, பலமான ஆலோசனை?” என்று கேட்போம். அங்கே ஆலோசனை என்றால் யோசிப்பது. கலந்தாலோசிப்பது என்றால் சேர்ந்து யோசிப்பது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலையும் இதுதான். பிள்ளையோடு சேர்ந்து யோசிப்பது. புத்திமதி சொல்ல வீட்டில் ஆறு பேர், பள்ளியில் பத்து பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

வகுப்பில் தூங்கும் பையன் என்று எழுதியிருந்தீர்கள். சில வருஷத்துக்கு முன்னால், மன்னார்குடி வட்டத்தில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மாசி மாதம். பத்தாம் வகுப்புப் பையனை அழைத்து வந்து, “ராத்திரி பூரா போன் பாக்கிறான், பகல்ல தூங்கறான்” என்று சொல்லி என் முன்னால் நிறுத்திவிட்டுப் போனார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவன் விடாமல் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். காலருக்குள் தோல் சிவந்து, திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, நெல்லுச் சுணை.

“அறுப்பா?” என்றேன்.

அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். “அறுப்பு முடிஞ்சிடுச்சு. நெல்லு டிபிசி களத்துல கெடக்கு.”

“எத்தனை நாளா?”

“ஒம்பது நாளா.”

டிபிசி என்றால் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே நெல் எடுக்க மாட்டார்கள். அந்த வருஷம் பின்பனியோடு மழையும் சேர்ந்துகொண்டது. பகலெல்லாம் அப்பா நெல்லைத் துழாவிக் காயப் போடுவார். பொழுது சாய்ந்ததும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ராத்திரி மாடு வராமல், மூட்டை காணாமல் போகாமல் ஆள் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி வரை அப்பா, அதற்குப் பிறகு இவன். கையில் போன் இருந்தது உண்மைதான். இருட்டில் தூங்காமல் இருப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நான் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. “வகுப்பாசிரியர்கிட்ட இதைச் சொல்லலாமா?” என்று அவனைத்தான் கேட்டேன். தலையாட்டினான். நெல் எடை போடும்வரை முதல் பாடவேளையில் கடைசி பெஞ்சில் அவனைத் தூங்க விடச் சொன்னேன். விட்டுப்போன பாடத்தை மதியம் ஒரு கூட்டாளி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஐந்தாம் நாள் நெல் போனது. அதற்கு மறுநாளிலிருந்து அவன் தூங்கவில்லை என்று வகுப்பாசிரியர் பிறகு சொன்னார்.

உங்கள் பள்ளிப் பையனும் நெல்லுக்குத்தான் காவல் இருக்கிறான் என்று சொல்ல வரவில்லை. அவன் கதை வேறாக இருக்கலாம். ஆனால் டெல்டாவில் இந்த வேலையைச் செய்கிறவர் கையில் பள்ளி நாள்காட்டியோடு வயல் நாள்காட்டியும் இருக்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்ததா, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா, நடவுக்கு விடியற்காலையில் போகும் அம்மாவுக்குப் பதிலாக வீட்டில் உலை வைப்பது எந்தப் பெண், அறுப்புக் காசு வராமல் யார் வீட்டில் நகை அடகுக்குப் போனது, திருப்பூருக்குக் கிளம்பிவிட்ட குடும்பத்தில் பாட்டியோடு தங்கிவிட்ட பிள்ளை யார். இதெல்லாம் தெரிந்தால் லேட்டாக வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் காரணத்தை நீங்கள் கேட்காமலே ஊகித்துவிடலாம்.

நான் இந்த வேலைக்கு வந்ததே 2005 ஜனவரியில், நாகப்பட்டினத்தில். அதற்கு முந்தைய வருஷம் நமக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று உங்களுக்குத் தெரியும். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். டிசம்பர் 26 அன்று சுனாமி. பள்ளிக்கூடத்தில் மனசைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்பதை டெல்டா அந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டது. நான் சமூகப் பணி மேல்படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு, இருபத்து மூன்று வயதில் அங்கே போய் நின்றேன். கொட்டகையில் நடந்த ஒரு தற்காலிகப் பள்ளியில் ஒரு பையன் கரும்பலகைப் பக்கமே திரும்ப மாட்டான். கழுத்தை வளைத்துப் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். அடித்தும் பார்த்திருக்கிறார்கள். “இவனைச் சரி பண்ணுங்க” என்று என்னிடம் விட்டார்கள். இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கரும்பலகை மேற்கே இருந்தது. அதைப் பார்த்து உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. கடலுக்கு முதுகு காட்ட அவனால் முடியவில்லை. அந்த டீச்சரும் நானும் சேர்ந்து கரும்பலகையை முக்காலியோடு தூக்கிக் கிழக்கே வைத்தோம். மொத்த வகுப்பும் திரும்பி உட்கார்ந்தது. அவனைப் போல இன்னும் நாலைந்து பிள்ளைகள் பெருமூச்சு விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிள்ளையைச் சரிசெய்யச் சொல்லி அனுப்புவார்கள். பல சமயம் நாம் நகர்த்த வேண்டியது கரும்பலகையாக இருக்கும்.

இந்த வேலை தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், படிப்பை முடித்த இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று சொல்ல ஓர் அலுவலகம் திறந்தார். அங்கிருந்து கிளை விட்டதுதான் பள்ளி ஆலோசகர் வேலை. மனசு, வீடு, துக்கம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. இன்றைக்கு அங்கே 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அந்தத் தொழிலின் சங்கமே சொல்கிறது. நம் நாட்டில் 1964–66 கோத்தாரிக் கல்விக் குழு, குறைந்தபட்சம் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகராவது வேண்டும் என்றது. 2018-இல் நம் மாநிலத்தில் மாணவர்களுக்கான 14417 தொலைபேசி உதவி வந்தது, 2022-இல் மேல்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் ‘நான் முதல்வன்’ திட்டம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்துக்கொள்ள வேண்டும், ஊழியர் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பயிற்சி தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் பயிற்சியோடு ஒரு கணக்கு டீச்சரின் தலையில் இவ்வளவையும் ஏற்றி வைப்பது நியாயமே இல்லை. அதை நீங்கள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம். வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மேல்படிப்பு வழிகாட்டுதலும் உங்கள் தலையில்தான் விழும். அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நீலக்குடி வழியாக தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளிடம், அந்த மதிலுக்குள் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதினால் நீயும் படிக்கலாம் என்று சொன்னால், ‘எங்களுக்கா?’ என்று பார்க்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம். பக்கத்து வீட்டுக் கதவைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை.

இனி உங்கள் தலைமையாசிரியர். கடிதத்தைப் படித்தால் கெட்டவராகத் தெரியவில்லை. உங்களிடம் பிள்ளைகள் பேசுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர்தான். பொதுத்தேர்வு நெருங்குகிறது, பள்ளியில் எது நடந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். அவருக்குத் தேவையானது நிம்மதி. அதைக் கொடுங்கள். பிள்ளை சொன்னதைக் கொடுக்க வேண்டாம். “சார், அந்தப் பையன் தூங்கறதுக்கு வீட்டுல காரணம் இருக்கு. இன்னும் ஒரு வாரம் நான் பார்த்துக்கறேன்.” இதற்கு மேல் அவர் கேட்டால், “நான் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு பிள்ளையும் என்கிட்ட வராது சார், அப்புறம் பெரிய விஷயம் எதுவும் நமக்கு முன்கூட்டித் தெரியாமப் போயிடும்” என்று சொல்லுங்கள். நல்ல தலைமையாசிரியர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். நோட்டு வேண்டுமென்றால் வையுங்கள். தேதி, வகுப்பு, பேசினோம் அல்லது பெற்றோரைப் பார்த்தோம் அல்லது மருத்துவமனைக்கு அனுப்பினோம், அவ்வளவு போதும். பெயரும் கதையும் அதில் வரக் கூடாது. ரகசியம் கசிவது பெரும்பாலும் நோட்டிலிருந்து இல்லை. மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, “அந்தப் பொண்ணு வீட்டுல என்ன தெரியுமா” என்று பாசத்தோடு ஆரம்பிக்கும் பேச்சில்தான் கசிகிறது. அந்த நேரத்தில் பேச்சை மாற்றப் பழகுங்கள்.

எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆசிரியர் அறை வேண்டாம், கதவைச் சாத்திய ஆய்வகமும் வேண்டாம். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற, ஆனால் காதுக்கு எட்டாத இடம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் புங்கை மரத்தடி பெஞ்ச்தான் எனக்குப் பிடித்தது. மேஜை நடுவில் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பார்த்துப் பேச முடியாத பிள்ளை, தரையில் இலையைக் கிழித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் நீங்களே தாங்க வேண்டியதில்லை. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாத பிள்ளை, கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை, இல்லாத குரல் கேட்கிறது என்னும் பிள்ளை, “நான் இருந்து என்ன பண்ணப் போறேன்” என்னும் பிள்ளை. இவர்களை மருத்துவரிடம் சேர்ப்பது வரைதான் உங்கள் பொறுப்பு. சாவைப் பற்றி ஜாடையாகப் பேசினால், “சாகணும்னு தோணுதா கண்ணு?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருக்கிறது என்பதே பாரத்தைப் பாதி இறக்கி வைக்கும். அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். சோம்பேறி என்ற பெயரோடு ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்ட டிஸ்லெக்சியா பிள்ளைகள் எத்தனையோ பேர்.

காலையில் திட்டிவிட்டு மதியம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். திட்டுங்கள், கணக்குக்காக மட்டும். “உன் மூஞ்சிக்கு இது வருமா” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை பெஞ்சுக்கு வராது. “மூணாவது வரியில கூட்டல் தப்பு, மறுபடி போடு” என்று எவ்வளவு கோபமாகச் சொன்னாலும் வரும். உங்களிடம் வரத் தயங்கும் பிள்ளைக்கு வேறொரு ஆசிரியர் பெயரைச் சொல்லுங்கள். அதில் உங்களுக்குக் குறைவே இல்லை.

அந்தப் பெண் கொஞ்ச நாளைக்கு உங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பரவாயில்லை. வராந்தாவில் கடந்து போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று மட்டும் கேளுங்கள், தினமும். தை முடிவதற்குள் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.